கைநாண் அறுதலும் வைத்தியப் பதிவும்

கை செய்யும் தொழில்களை நாம் அனைவரும் அறிவோம். அத்தொழில்களை நடத்திவைக்கும் நாண்களை அறிந்தவர் மிகச் சிலரே. விரல்களை வலுவுடன் மடக்குவனவும் விரிப்பனவுமாகிய பெருந்தசைகள் முன்கையிலே இருக்கின்றன. அங்கிருந்து வெண்மையும் உறுதியும் வாய்ந்த தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களைச் சென்றடைகின்றன. மட்டக்களப்பு வாவியிலே கரையில் நிற்பவர் கயிற்றை இழுக்க, தொலைவிலுள்ள வலை அசைவதைக் கண்டிருக்கிறோம். தசை சுருங்க நாண் இழுபடுவதும், நாண் இழுபட விரல் அசைவதும் அதனை ஒத்தனவே.

கத்தி பட்டோ இயந்திரத்தில் அகப்பட்டோ நாண் அறுமாயின், அதன் காரணம் எவர்க்கும் விளங்கும். ஆனால், வெட்டும் அடியும் இன்றியே நாண் அறுவதும் உண்டு. வந்தாறுமூலையிலே நெடுங்காலம் வயல் வேலை செய்த மூதாட்டி ஒருவர், ஒருநாட் காலையில் கையை விரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏனைய விரல்கள் விரிகின்றன. சுண்டுவிரல் மாத்திரம் தாழ்ந்து கிடக்கிறது. குருதியில்லை, பெரிய நோவுமில்லை. “தானாகவே விழுந்துவிட்டது” என்கிறார். வைத்திய நூலாரும் இதனைத் தன்னியல்பான நாண் அறுதல் என்றே வழங்குகின்றனர்.

தானாக என்ற சொல்லுக்குக் காரணமின்றி என்பது பொருளன்று. ருமற்றோயிட் என்னும் மூட்டுவாதம் மணிக்கட்டைப் பற்றும்போது, நாணைச் சூழ்ந்த உறை தடித்து நாணை அரிக்கிறது. அருகிலுள்ள எலும்பும் கரடுமுரடாகிறது. அவ்வெலும்பின்மேல் நாளும் உராயும் நாண், கிணற்றுச் சுவரில் உராயும் கயிறுபோலத் தேய்ந்து ஒருநாள் அறுகிறது. தேய்ந்த மணிக்கட்டு மூட்டில் விரல் விரிக்கும் நாண்கள் இவ்வாறு அறுவதை 1948ஆம் ஆண்டில் வோகன் ஜாக்சன் என்ற ஆங்கில அறுவை வைத்தியர் விளக்கி எழுதினார். பெரும்பாலும் முதலில் அறுவது சுண்டுவிரலின் நாண். அதனை அடுத்து மோதிரவிரலின் நாண். அதன்பின் நடுவிரலின் நாண்.

வேறு காரணங்களும் உள. விழுந்து மணிக்கட்டெலும்பு வெடித்து, அது பொருந்திச் சில வாரங்கள் சென்றபின், பெருவிரலை நிமிர்த்தும் நாண் அறுவதுண்டு. எலும்பு விலகாத சிறு வெடிப்பின் பின்னரும் இது நேரும். கடந்த நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் பிரஷ்யப் படையின் முரசறைவோருக்கு இந்நாண் அறுவது கண்டு, அதனை முரசறைவோர் வாதம் என்றே அழைத்தனர். ஸ்டிரொயிட் மருந்துகளும் நாணைத் தளரச் செய்யலாம். சிப்ரொபுளொக்சசின் முதலிய கிருமியெதிர் மருந்துகள் நாண் அறுதலுக்கு இடமளிக்கக்கூடும் என அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2008ஆம் ஆண்டில் கடும் எச்சரிக்கை விடுத்தது.

இனி, இந்நோய் பதிவேட்டில் ஏறும் விதத்தைக் காண்போம். ஒரே நோயை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பெயரால் எழுதினால் கணக்கெடுத்தல் இயலாது. இக்குறையை நீக்க, பாரிஸ் நகரத்துப் புள்ளிவிபரவியலாளர் பெர்ட்டிலோன் அமைத்த மரணக் காரணப் பட்டியல் 1893ஆம் ஆண்டில் சிக்காகோவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1948இல் உலக சுகாதார தாபனம் அப்பொறுப்பை ஏற்று, மரணத்தோடு நோய்களையும் வகைப்படுத்தியது. 1990இல் பத்தாம் திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் திருத்தத்திலே ஒரு விசித்திரமான ஒற்றுமையைக் காணலாம். தானாக நாண் அறுதலுக்குரிய குறியீடு எம் 66. மணிக்கட்டிலும் கையிலும் காயத்தால் தசையும் நாணும் கெடுவதற்குரிய குறியீடு எஸ் 66. எண் ஒன்றே; எழுத்து வேறு. எம் 66இன் உட்பிரிவுகளுள் இரண்டு என்னும் எண்ணுடையது விரிக்கும் நாணுக்கும், மூன்று என்னும் எண்ணுடையது மடக்கும் நாணுக்கும் உரியன. எந்த எழுத்தை இடுவது என்பதற்கு நூல் தெளிவான விதி கூறுகிறது: வலுக்குன்றிய நாண் சாதாரண விசையால் அறுமாயின் எம், நல்ல நாண் மிகையான விசையால் அறுமாயின் எஸ். எஸ் என்று எழுதினால், விழுந்ததோ வெட்டுண்டதோ என்ற புறக்காரணத்தையும் சேர்த்து எழுதவேண்டும்.

நேயர்களே, குறியீடு இடுபவர் பெரும்பாலும் நோயாளியைக் காண்பதில்லை. இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில், நோயாளியின் கட்டிலோடு வைக்கப்படும் சீட்டில் வைத்தியர் எழுதியதே அவருக்கு ஆதாரம். தங்கிச் சிகிச்சை பெற்றோரின் விபரங்கள் அவ்வாறு திரட்டப்பட்டு, கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவைச் சேர்கின்றன. சீட்டில் “நாண் அறுந்தது” என்று மாத்திரம் இருந்தால், எழுத்து எம்மா, எஸ்ஸா? எக்கை, எவ்விரல்? விரிக்கும் நாணா, மடக்கும் நாணா? எழுதப்படாததைக் குறியீடு இடுபவர் ஊகித்தல் தகாது. பாடசாலை இடாப்பிலே “நின்றுவிட்டான்” என்று மட்டும் எழுதினால், பிள்ளை வறுமையால் நின்றானா, நோயால் நின்றானா என்பதை எந்த அதிகாரியும் அறியமாட்டார். இதுவும் அத்தன்மையதே.

இதனால் வரும் கேடு கணக்கோடு நின்றுவிடுவதில்லை. அம்மூதாட்டியின் நோய் வெறுங் காயம் என்று பதிவானால், மூட்டுவாதத்தைத் தேடுவார் இலர். மணிக்கட்டின் கரட்டெலும்பு அவ்வாறே கிடக்கும். சில காலத்தில் மோதிரவிரலும் தாழும். முதல் விரலோடு உண்மை எழுதப்பட்டிருப்பின், எலும்பைச் சீர்செய்து, மூட்டுவாதத்துக்கு மருந்தளித்து, எஞ்சிய நாண்களைக் காத்திருக்கலாம். தேய்ந்து அறுந்த நாணின் முனைகள் நைந்திருப்பதால், அவற்றை நேரே தைப்பது பெரும்பாலும் பயன்தராது. பெருவிரல் நாண் அறுந்தவர்க்குச் சுட்டுவிரலின் இரு விரிநாண்களுள் ஒன்றை மாற்றிப் பொருத்துவர். அடுத்தடுத்துப் பல நாண்கள் அறுமாயின், இரவல் தருவதற்கு அயல்நாண்களும் குறைந்துபோகும்.

ஆதலின், விரல் திடீரெனத் தாழ்ந்தால் நோவில்லை என்று நாளைக் கடத்தாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கேட்கும்வரை காத்திராது மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். அவ்வேளை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது ஒன்று. முன்பு மூட்டு வீக்கமோ மணிக்கட்டு முறிவோ இருந்ததா என்பது மற்றொன்று. உட்கொள்ளும் மருந்துகள் யாவை என்பது மூன்றாவது. ஆயினும் வைத்தியர் கூறாமல் அவற்றை நிறுத்தலாகாது. பழைய கிளினிக் கொப்பியையும் உடன் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் அச்செய்திகளை இரண்டு வரியில் எழுதிவைத்தால், எம் என்ற எழுத்து உரிய இடத்தில் ஏறும். அடுத்த விரலைக் காக்கவும் வழி பிறக்கும்.