பண்பலை வானொலி ஏற்பு

பண்பலை வானொலி ஏற்பு என்பது, அதிர்வெண் பண்பேற்றம் செய்து பரப்பப்படும் வானொலி அலைகளை அலைவாங்கி மூலம் பெற்று ஒலியாக மீட்டெடுப்பதாகும். பெரும்பாலான நாடுகளில் இவ்வொலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைப்பட்டையில் நடைபெறுகின்றது. வீட்டு ஹை-ஃபை ஒலித்தொகுதிகளில் பண்பலை தெளிவின்றிக் கேட்பதற்குத் தொகுதியின் தரத்தைவிட, அலைவாங்கியின் வகையும் அது வைக்கப்பட்டுள்ள இடமுமே பெரும்பாலும் காரணமாகின்றன.

வரலாறு

அகன்ற பட்டைப் பண்பலை முறைக்கு அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933 ஆம் ஆண்டில் காப்புரிமம் பெற்றார். ஸ்டீரியோ முறையிலான பண்பலை ஒலிபரப்பு அமெரிக்காவில் 1961 இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் பண்பலைச் சேவையை அகில இந்திய வானொலி 1977 சூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது.

அலைகள் பரவும் விதம்

சிற்றலை வானொலி அலைகள் அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு நெடுந்தொலைவு செல்கின்றன. பண்பலை அலைகளோ பொதுவாக அம்மண்டலத்தைக் கடந்து சென்றுவிடுகின்றன. எனவே இவற்றின் எல்லை ஏறத்தாழப் பார்வைக்கோட்டின் எல்லையாகும். ஒலிபரப்புக் கோபுரம், அலைவாங்கி ஆகியவற்றின் உயரங்களை மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் இவ்வெல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 100 மீட்டரும் அலைவாங்கி 9 மீட்டரும் உயரமாயின், சமதரையில் இது ஏறத்தாழ 54 கிலோமீட்டர் ஆகும். இரும்புக் கம்பிகள் கொண்ட கான்கிரீட் சுவர்கள் அலைகளின் வலிமையைக் குறைப்பதால், வீட்டினுள் கிடைக்கும் குறிப்பலை மொட்டைமாடியில் கிடைப்பதைவிட மிகவும் வலுக்குன்றியதாக இருக்கும்.

ஸ்டீரியோவும் இரைச்சலும்

ஒரே நிலையம் மோனோவில் தெளிவாகவும் ஸ்டீரியோவில் இரைச்சலுடனும் கேட்பது பலர் கண்ட அனுபவமாகும். இதற்குக் காரணம் ஒலிபரப்பு முறையிலேயே உள்ளது. இடது, வலது ஒலிகளின் கூட்டுத்தொகை 15 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியில் அனுப்பப்படுகின்றது. அவற்றின் வேறுபாடு 38 கிலோஹேர்ட்ஸ் துணை அலையின் மீது ஏற்றப்பட்டு, 23 முதல் 53 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியில் அனுப்பப்படுகின்றது. 19 கிலோஹேர்ட்ஸில் உள்ள வழிகாட்டி அலை, ஸ்டீரியோ இருப்பதை ஏற்பிக்கு உணர்த்துகின்றது.

பண்பலையை ஒலியாக மாற்றும்போது, அதிர்வெண் கூடக்கூட இரைச்சலும் கூடுகின்றது. ஆகவே மேற்பகுதியில் உள்ள வேறுபாட்டுக் குறிப்பலையே அதிகம் பாதிக்கப்படுகின்றது. வலுக்குன்றிய நிலையத்தில் ஸ்டீரியோ இரைச்சல் மோனோவைவிட 20 டெசிபெலுக்கும் மேல் கூடுதலாக இருக்கும். மோனோ பொத்தானை அழுத்தினால் வேறுபாட்டுக் குறிப்பலை கைவிடப்பட்டு இரைச்சல் பெருமளவு அடங்கும்.

பல்வழிப் பரவல்

கட்டடங்களிலும் குன்றுகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேரடி அலையைவிடச் சற்றுப் பிந்தி வருகின்றன. 3 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் அலை 10 மைக்ரோ நொடி தாமதமாகின்றது. இவ்வலைகள் நேரடி அலையுடன் சேரும்போது ஒலி கரகரக்கும். குறிப்பாக ‘ஸ’ போன்ற ஒலிகள் சிதையும். இது குறிப்பலை வலுவாக உள்ள நகரங்களிலும் ஏற்படலாம்.

குறையை இனங்காணல்

* இடைவிடாத சீறல் ஒலி, மோனோவில் அடங்குமாயின்: குறிப்பலையின் வலிமை போதவில்லை. அலைவாங்கியை உயர்த்துவது அல்லது வெளியே வைப்பது தீர்வாகும்.
* உரத்த பகுதிகளில் கரகரப்பு: பல்வழிப் பரவலாக இருக்கலாம். அலைவாங்கியின் திசையை மாற்றுவதே தீர்வாகும். பெருக்கி பயன்தராது, அது திரும்பிவரும் அலையையும் சேர்த்தே பெருக்கும்.
* குறிப்பிட்ட விளக்கோ கருவியோ இயங்கும்போது மட்டும் இரைச்சல்: எல்.இ.டி. விளக்கு, கணினி, மின்னேற்றி போன்றவை காரணமாகலாம். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து அறியலாம்.

அலைவாங்கி

ஒலித்தொகுதிகள் சிலவற்றுடன் ‘T’ வடிவக் கம்பி ஒன்று தரப்படுகின்றது. இது மடித்த இருமுனை அலைவாங்கியாகும். பட்டையின் நடுவில் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர் என்பதால், இதன் கைகள் இரண்டும் சேர்ந்து அதில் பாதியாகிய சுமார் 1.5 மீட்டர் நீளமுடையவை. இதனைச் சுருட்டித் தொகுதியின் பின்னால் போட்டுவிடுவது பொதுவான தவறாகும். கைகளை நேராக விரித்துச் சுவரில் பொருத்தினால்தான் இது முறையாக வேலை செய்யும். கிடையாக வைத்த இருமுனை, தன் பக்கவாட்டில் நன்றாகவும் முனைகளின் திசையில் மிகக் குறைவாகவும் அலைகளைப் பெறும். எனவே முனையைத் தொல்லைதரும் அலையை நோக்கித் திருப்பி அதனைக் குறைக்கலாம். நிலையம் செங்குத்து முனைவாக்கத்தில் மட்டும் ஒலிபரப்பினால், கம்பியையும் செங்குத்தாக வைத்தல் வேண்டும்.

தொலைவிலுள்ள நிலையங்களுக்குப் பல கம்பிகள் கொண்ட யாகி அலைவாங்கி ஏற்றது. மடித்த இருமுனையின் மின்மறுப்பு 300 ஓம். ஓரச்சு வடத்தினுடையது 75 ஓம். இவற்றை இணைக்கும்போது இடையே பொருத்து மின்மாற்றி ஒன்று தேவைப்படும்.

பாதுகாப்பு

மொட்டைமாடியில் அலைவாங்கி நிறுவும்போது, அதன் கம்பம் எத்திசையில் சாய்ந்தாலும் மின்கம்பிகளைத் தொடாத தொலைவில் அமைத்தல் கட்டாயமாகும். தொட்டால் உயிரிழப்பு நேரக்கூடும். உலோகக் கம்பத்துக்கு நிலத்தொடுப்பு அமைக்க வேண்டும். இடிமின்னல் வருமுன்னரே வடத்தை ஒலித்தொகுதியிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்னல் தொடங்கிய பின்னர் அதனைத் தொடலாகாது.

இவற்றையும் பார்க்க

* அதிர்வெண் பண்பேற்றம்
* அலைவாங்கி
* அகில இந்திய வானொலி