வாளேந்திய பெண்கள்

சீனத்துச் சண்டைப் படம் என்றதும் நம்மில் பலருக்கு புரூஸ் லீயின் கைமுட்டிதான் நினைவுக்கு வரும். அவரது 'த பிக் பொஸ்' ஹொங்கொங்கில் வெளிவந்தது 1971இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அங்கு ஒரு பெண் இரண்டு குறுவாள்களோடு திரைக்கு வந்துவிட்டாள்.

படம் 'கம் டிரிங்க் வித் மீ' (1966). நெறியாளர் கிங் ஹூ. கடத்தப்பட்ட அண்ணனை மீட்க ஆண் வேடத்தில் வரும் வீராங்கனையாக நடித்தவர் செங் பெய்-பெய். சத்திரத்தில் கள்வர் கூட்டம் சூழ்ந்து நிற்க, அவள் அசையாமல் அமர்ந்திருக்கிறாள். அந்த அமைதிதான் காட்சியின் உயிர். செங் பெய்-பெய் சண்டை பயின்று வந்தவர் அல்லர். ஷங்ஹாயில் பலே நடனம் கற்றவர். கிங் ஹூவுக்கும் அதுவே போதுமாயிருந்தது. அவர் படங்களின் சண்டை, பீக்கிங் ஒபேரா மேடையிலிருந்து வந்தது. பாட்டு, குட்டிக்கரணம், ஆயுத விளையாட்டு எல்லாம் தாளத்துக்கு இயங்கும் அந்த மேடையில் போர்ப் பெண்ணுக்கென்றே தனி வேடம் உண்டு. (வெகுகாலம் அதையும் ஆண்களே புனைந்தார்கள் என்பது வேறு கதை!)

அடுத்து 'எ டச் ஒஃப் ஸென்'. மூன்று மணிநேரப் படம். முதற் சண்டைக்கே ஏறத்தாழ ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும். மூங்கில் காட்டில் நாயகி மேலிருந்து பாயும் காட்சியில் கணினி வித்தை எதுவுமில்லை. துள்ளுமெத்தையில் எழும்பிக் குதித்ததைக் கண்ணிமைக்கும் நேரத் துண்டுகளாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். 1975இல் கான் திரைப்பட விழா அதன் தொழினுட்பத்துக்குப் பரிசளித்தது.

அதே மூங்கில் காட்டை 2000ஆம் ஆண்டில் அங் லீ 'குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் மீண்டும் காட்டினார். நடிகர்களைக் கம்பியில் தொங்கவிட்டு, பின்னர் கம்பிகளைக் கணினியால் அழித்தார்கள். நான்கு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. என்றாலும் என் மனதில் நிற்பது அந்தப் பறத்தல் அல்ல. வில்லி ஜேட் ஃபொக்ஸின் கதை.

பெண் என்பதால் வூடான் மலையின் ஆசான் அவளுக்குக் கற்பிக்க மறுத்தார். அவரைக் கொன்று, வித்தை நூலைத் திருடினாள். ஆனால் அவளால் எழுத்தைப் படித்து விளங்க முடியாது. படங்களைப் பார்த்தே பழகினாள். அதிகாரியின் மகள் ஜென்னுக்கு இரகசியமாகக் கற்பித்ததும் அவள்தான். எழுத்தறிந்த அந்தச் சிறுமி நூலின் பொருளை முழுதாய் விளங்கிக்கொண்டு, குருவிடம் மூச்சு விடாமல் மறைத்து, அவளையே மிஞ்சிவிட்டாள். உண்மை தெரிந்த நாளிலிருந்து ஜேட் ஃபொக்ஸுக்கு எந்த எதிரியையும்விட இந்த மாணவிமீதுதான் கோபம். சாகும்போதும் அது ஆறவில்லை.

அந்த வில்லியாக நடித்தவர், 34 ஆண்டுகளுக்கு முன் சத்திரத்தில் அசையாமல் அமர்ந்திருந்த அதே செங் பெய்-பெய்.