மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் டீச்சர் எழுதியது



நமது டிரஸ்டின் கல்வி உதவித்தொகைக்கு இதுவரை மதிப்பெண் பட்டியல் மட்டுமே கேட்டு வந்தோம். சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர் கணக்கில் 31 எடுத்திருந்தார். 'படிப்பு ஏறவில்லை, உதவியை நிறுத்தலாம்' என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது. நானும் தலையாட்டினேன்.

பிறகு அவருடைய தாயார் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். பின்னக் கணக்கு அத்தனையிலும் ஒரே தவறு. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறது பிள்ளை. சரியான விடை ஆறில் ஐந்து. பக்கத்திலேயே டீச்சர் சிவப்பு மையில், 'முதலில் பகுதிகளைச் சமமாக்கு, பிறகு கூட்டு' என்று எழுதியிருந்தார். வீட்டில் அதை யாரும் படிக்கவில்லை. 31-ஐப் பார்த்தார்கள், திட்டினார்கள், மடித்து வைத்துவிட்டார்கள்.

நமது மாலை வகுப்பில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தோம். இப்போது பின்னம் வருகிறது. தசமத்தில்தான் இன்னும் தடுமாற்றம்.

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பயன் இல்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது போலும்.

2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலப் பள்ளிகளுக்கு வந்த முறையில், 100-ல் 40 வளரறி மதிப்பீட்டுக்கு என்று ஒதுக்கினார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே குறையைக் கண்டு திருத்த வேண்டும் என்பதே நோக்கம். நம்மில் பலர் அதையும் 'ஸ்கூலில் போடும் 40' என்றே நினைக்கிறோம். மதரஸாவில் உஸ்தாத் மார்க் போடுவதில்லை. ஒரு மத்து குறைந்தால் அங்கேயே நிறுத்தித் திரும்ப ஓத வைக்கிறார். அதை மட்டும் நாம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம்.

எல்லா ஆசிரியரும் இப்படி எழுதுவதில்லை என்பதும் உண்மையே. 'குட்', 'இன்னும் முயற்சி செய்' என்று மட்டும் இருந்தால், எதில் முயற்சி செய்ய வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் மரியாதையாகக் கேளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஜூன் முதல் விண்ணப்பத்துடன் திருத்திய விடைத்தாள் ஒன்றின் நகலையும் இணைக்க வேண்டும். நகல் எடுக்க வசதியில்லாதவர்கள் அசல் தாளையே அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.