எலிவாலுக்கும் ஒரு கணக்கு உண்டு

சிலருடைய முடி எவ்வளவு வாரினாலும் படியாது. சிலருக்கோ காலையில் குத்திய கிளிப் மதியத்துக்குள் வழுக்கி விழுந்துவிடும். முன்னவருக்கு எண்ணெய் போதவில்லை, பின்னவருக்குச் சத்து போதவில்லை என்று தீர்ப்புச் சொல்வது நம் வழக்கம். பெரும்பாலும் இரண்டுமே தவறு. முதலில் பார்க்க வேண்டியது ஒற்றை இழையின் பருமனை. தலைமுடியின் விட்டம் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். இத்தனை சிறிய வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஆனால், உருண்டையான ஒரு கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. 60 மைக்ரான் இழையைவிட 72 மைக்ரான் இழை பருமனில் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். விறைப்பிலோ இரு மடங்கு. 120 மைக்ரான் என்றால் 16 மடங்கு. எடை மட்டும் 4 மடங்கோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் தடித்த இழை தன் எடைக்கு வளைந்துகொடுக்காமல் விலகி நிற்கிறது, மெல்லியது மண்டையோடு ஒட்டிப் படுக்கிறது. போதாக்குறைக்கு, மெல்லிய இழையில் எண்ணெய் பரவ வேண்டிய பரப்பும் குறைவு. தலைக்குக் குளித்த மறுநாளே பிசுபிசுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘அடர்த்திதானே முக்கியம்?’ என்று கேட்கலாம். பின்னலின் கனத்துக்கு அடர்த்தி முக்கியம்தான். மெல்லிய இழைகளும் நெருக்கமாக முளைத்திருந்தால் எலிவால் ஜடை ஆகாது. ஆனாலும் கிளிப் வழுக்கவே செய்யும். சுருள்முடி இன்னொரு சிக்கல். அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதால், ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் தயங்கியும் வளையும். அங்கே ஒற்றை விட்டத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. இவற்றைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: நனைந்த முடி ஏறத்தாழ 15 சதவீதம் தடிக்கிறது, இந்தக் கணக்குப்படி அது விறைக்க வேண்டும், துவள்கிறதே? கெரட்டின் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் அவிழ்த்துவிடுவதுதான் காரணம். பருமன் கூடினாலும் பொருள் இளகிவிடுகிறது. கணக்கு பொய்க்கவில்லை, அது ஒரே பொருளாலான இழைகளை ஒப்பிடும்போது மட்டும் செல்லும்.

அப்படியானால் இழையைத் தடிக்கவைக்க வழி உண்டா? தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதன் பருமன் மயிர்க்காலின் அடியிலேயே முடிவாகிவிடுகிறது. அதில் மரபணுவுக்குப் பெரும் பங்கு. கிழக்காசியரின் தடித்த முடிக்கு ஈடார் என்னும் மரபணுவின் ஒரு வகை காரணமாகிறது. அந்த மாற்றத்தை எலிகளிடம் உண்டாக்கியபோது, எலிக்கும் ரோமம் தடித்தது! வயதும் ஹார்மோனும் மயிர்க்காலைச் சுருக்கினால் முடியும் மெலியும். அந்த மெலிவு திடீரெனத் தெரிந்தால் போக வேண்டிய இடம் தோல் மருத்துவரின் அறை, கடை அல்ல. முடியைத் தடிமனாக்குவதாகச் சொல்லும் ஷாம்புகளில் பல, இழையின் மேல் ஒரு மெல்லிய பூச்சைத்தான் பூசுகின்றன. அடுத்தடுத்த குளியல்களில் அது கரைந்துவிடும்.