கரன்ட் போனால் வீட்டுக்குள் குளமா? மீன் தொட்டிக்குப் பத்திரமான குழாய் ஏற்பாடு!

சிவகாசிப் பக்கம் ஒரு கோடை இரவு. திடீரென்று கரன்ட் கட். ஹாலில் இருக்கும் மீன் தொட்டியின் மோட்டார் நிற்கிறது. ‘அப்பாடா, சத்தம் ஓய்ந்தது’ என்று வீடே திரும்பிப் படுக்கிறது. விடிந்து எழுந்து பார்த்தால், தரை முழுக்கத் தண்ணீர். தொட்டியிலோ ஒரு கீறல்கூட இல்லை. பிறகு எப்படி?

காரணம், சைஃபன். வண்டியில் டியூப் போட்டு பெட்ரோல் எடுக்கிறோமே, அதே தத்துவம்தான். டியூபின் ஒரு முனை தண்ணீருக்குள்ளும், மறுமுனை அதைவிடத் தாழ்வாகவும் இருந்தால் போதும். ஒருமுறை ஓட ஆரம்பித்த தண்ணீர், உள்ளே காற்று புகும்வரை நிற்காது.

சின்னத் தொட்டியா?

காற்றுக் குமிழி விடும் ஏர் பம்ப்பைப் பலரும் தரையில் வைத்துவிடுகிறார்கள். கரன்ட் போனதும், அந்த மெல்லிய டியூப் வழியாகவே தண்ணீர் இறங்கிவிடலாம். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் அலமாரியில் வையுங்கள். முடியாவிட்டால், டியூபின் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்கள். சில ரூபாய்ச் செலவு, நிம்மதியான தூக்கம்!

பெரிய தொட்டியா?

பெரிய தொட்டிகளில் கீழே ‘சம்ப்’ என்ற இன்னொரு தொட்டி இருக்கும். மேல்தொட்டியின் மூலையில் உள்ள கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வழியும் தண்ணீர், குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். வடிகட்டியதும் மோட்டார் அதை மேலே ஏற்றும். மோட்டார் நின்றால், மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே வந்தே தீரும். அது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஓர் அங்குல உயரத் தண்ணீர் என்பது சுமார் 10.5 லிட்டர். மேலே தண்ணீர் விடும் குழாயின் வாய் 6 அங்குல ஆழத்தில் இருந்தால், 60 லிட்டருக்கு மேல் திரும்பி வரும். அதே வாய், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே இருந்தால், மட்டம் லேசாக இறங்கியதுமே காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். இங்கே நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பக் கூடாது. பாசியோ நத்தையோ சிக்கினால் அது மூடாது.

‘களக் களக்’ சத்தம் போக...

குழாயில் தண்ணீரும் காற்றும் கலந்து இறங்குவதால்தான் அந்தச் சத்தம். தீர்வு, இரண்டு குழாய்கள். முதல் குழாயில் ஒரு கேட் வால்வு பொருத்தி, காற்று புகாமல் குழாய் நிறைந்து ஓடும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். சத்தம் அடங்கிவிடும். பால் வால்வில் இந்த நுணுக்கம் வராது. இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில் இருக்கட்டும். மாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ பைப் மாதிரி, இது அவசரத்துக்கு மட்டும். இதில் வால்வே வேண்டாம். முதல் குழாய் அடைத்தால் இது ஓடும், சத்தமும் போடும். அந்தச் சத்தம்தான் உங்களுக்கு எச்சரிக்கை மணி.

ஒரு விஷயம்... டெம்பர்டு கண்ணாடியில் துளை போட முடியாது, நொறுங்கிவிடும். தொட்டி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடு போடுங்கள்!

விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட வெயில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதானது. மீன் தொட்டிக்கு அப்படியல்ல. தண்ணீர் வேகமாக ஆவியாகி, சம்ப்பில் மட்டம் இறங்கும். ‘குறைஞ்சுபோச்சே’ என்று விளிம்புவரை நிரப்பினால், அடுத்த கரன்ட் கட்டில் வெள்ளம்தான்.

எனவே, மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் முழுவதும் இறங்கிய பிறகும் சம்ப்பில் 2 அங்குலம் காலியாக இருக்கும்படி வையுங்கள். பிறகு மோட்டாரைப் போட்டு, மட்டம் நிலைத்ததும் அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மீன் விடும் முன் இரண்டு சோதனைகள். ஒன்று, மோட்டாரை நிறுத்திப் பார்ப்பது. இரண்டு, கேட் வால்வை முழுதாக மூடி, அவசரக் குழாய் மட்டுமே சமாளிக்கிறதா என்று பார்ப்பது. சமாளிக்கவில்லை என்றால், சிறிய மோட்டாருக்கு மாறுங்கள்.

உயிர் முக்கியம்

தண்ணீரும் கரன்ட்டும் பக்கத்தில் இருக்கும் இடம் இது. ஒயர், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது அவசியம். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள், குழந்தைகளுக்கும் பழக்குங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால், ஏர் பம்ப்பை அதில் இணையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. கரன்ட் இல்லாத கோடை இரவில் மீன்களுக்கு அந்தக் குமிழிகள்தான் மூச்சு.

குடம் தண்ணீரின் அருமை தெரிந்த ஊர் இது. ஒரு மணி நேரச் சோதனையும் ஒரு மார்க்கர் கோடும், மீனையும் காக்கும், தண்ணீரையும் காக்கும்!