தலையணையை ஏன் எடுத்தார் நர்ஸ்?

நோயாளிக்கு உபசாரம் செய்ய நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைக்கு உயரமாக இரண்டு தலையணை, தொண்டைக்கு இதமாக ஒரு தம்ளர் கஞ்சி, பக்கத்தில் உட்கார்ந்து நாலு ஆறுதல் வார்த்தை. ஆனால் தலையில் அடிபட்டவர்கள் படுத்திருக்கும் வார்டில் இதெல்லாம் செல்லாது. நர்ஸ் தலையணையை உருவிவிடுகிறார். கஞ்சியைத் திருப்பி அனுப்புகிறார். 'இவருக்கு மனசு கல்லா?' என்று கூட வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

காரணம் மண்டையோட்டில் இருக்கிறது. இறுக மூடிய சம்படம் மாதிரி அது. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றித் தெளிந்த நீர் ஆகிய மூன்றும்தான். நீர் ஒரு தம்ளர் அளவு, சுமார் 150 மில்லி லிட்டர். ஆனால் நாளொன்றுக்கு அரை லிட்டர் போலப் புதிதாக ஊறி, அதே அளவு வடிந்துவிடும். மூளை வீங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ, நீர் வடியாமல் தேங்கினாலோ சம்படம் விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும். படுத்திருக்கும் பெரியவர்களுக்குச் சாதாரணமாக அது பாதரச அளவில் 15 மில்லி மீட்டருக்குள் இருக்கும். 20ஐத் தாண்டி நின்றால் டாக்டர்கள் கவலைப்படுவார்கள். மேலும் ஏறினால் புது ரத்தம் உள்ளே நுழையவே இடமிராது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இது அயல் விஷயமல்ல. 1928ல் டாக்டர் சௌரி முத்து அங்கே க்ஷயரோக ஆஸ்பத்திரி தொடங்கினார். 'சானடோரியம்' என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வந்துவிட்டது. க்ஷயம் நுரையீரலோடு நிற்பதில்லை. சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, மூளைச் சவ்வைப் பிடித்து நீரின் வழியை அடைத்துவிடும். (பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசி இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது.) இன்னொரு காரணம் ஜி.எஸ்.டி. சாலை. ஹெல்மெட்டை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு பறக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

1950ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். பின்னாளில் அடையாறு பக்கம் வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியிலும் அதற்கென ஒரு பிரிவை உருவாக்கினார். ஆனால் கத்தி எடுப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இரவு முழுவதும் காவல் காப்பது நர்ஸ்தான்.

தலையணை விஷயத்துக்கு வருவோம். மெத்தென்ற தலையணையில் தலை புதைந்தால் முகவாய் மார்பை நோக்கி மடங்கும். கழுத்து நரம்புகள் வழியாகத்தான் மூளையின் ரத்தம் கீழே இறங்க வேண்டும். கழுத்து மடங்கினால் தோட்டத்து ரப்பர் குழாயை மிதித்த கதைதான். அதனால் கட்டிலின் தலைமாட்டையே 30 டிகிரி அளவு உயர்த்தி, மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கும்படி படுக்க வைக்கிறார்கள். புரட்டும்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மரக்கட்டையை உருட்டுவது போல உடம்பு முழுவதையும் ஒரே சமயத்தில் திருப்புகிறார்கள். மலம் கழிக்க முக்கினாலும் அழுத்தம் ஏறும். ஆகவே இளக்க மருந்து. கோழையை உறிஞ்சி எடுப்பதென்றால் முன்னதாக ஆக்ஸிஜன் கொடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடித்துவிடுவார்கள். துடைப்பது, புரட்டுவது, கோழை எடுப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வதில்லை, நடுவே ஓய்வு. மயக்கத்தில் இருப்பவருக்குக் கஞ்சி புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், அவ்வளவுதான் விஷயம். காதருகே மெல்லப் பேசலாம், தப்பில்லை. கட்டிலைச் சுற்றி நின்று அழுவதுதான் கூடாது.

மணிக்கொரு முறை, சில சமயம் அதைவிட அடிக்கடி, டார்ச் அடித்துக் கண் பாப்பாவைப் பார்ப்பார், பெயர் கேட்பார், கையைத் தூக்கச் சொல்வார். கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974ல் இதற்கு மதிப்பெண் முறையே வகுத்தார்கள். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழுப் பிரக்ஞைக்கு 15. மதிப்பெண் இறங்கினால் உடனே டாக்டருக்கு ஆள் போகும். ரத்த அழுத்தம் ஏறி நாடி மெதுவாகும்வரை காத்திருந்தால் வெகு தாமதம். தெளிவு குறைவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. பக்கத்திலிருக்கும் தாயோ மனைவியோ அதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொள்ள முடியும்.

வீட்டில்தான் இது மிக அவசியம். வண்டியிலிருந்து விழுந்த பையன் எழுந்து நடக்கிறான், பேசுகிறான். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு குறட்டை விட்டுத் தூங்குகிறான். "அசதி, எழுப்பாதே" என்கிறாள் பாட்டி. பொட்டெலும்புக்கு உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், சில மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டுப் பிறகு மயக்கத்தில் ஆழ்வதும் உண்டு. எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் எழுப்பிப் பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். அவர் சொன்னபடி, பாட்டி கோபித்தாலும், எழுப்புங்கள். பெயரைக் கேளுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். எழுப்பியும் தெளியவில்லை, தலைவலி ஏறுகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண் பாப்பா மட்டும் பெரிதாகிறது — இவற்றில் ஒன்று இருந்தாலும் காப்பி கொடுத்துப் பார்க்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

வண்டி வருவதற்குள் அடிபட்ட நேரத்தையும், கடைசியாகத் தெளிவாகப் பேசிய நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.