பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்

சென்ற வாரம் கூச்சலிட்டுச் சண்டை போடும் வீடுகளைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் சத்தமே இல்லாத வீடு. கணவனும் மனைவியும் பேசி நான்கு நாள் ஆகிறது. ஆனாலும் காஸ் சிலிண்டர் வரும், பால்காரர் கணக்குக் கேட்பார், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு என்று முடிவு செய்தாக வேண்டும். இதற்கெல்லாம் அந்த வீட்டில் ஓர் ஆள் உண்டு. வயது ஒன்பது.

"உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு, சிலிண்டர் வந்திருக்கு, பணம் வேணும்னு."

ஹாலிலிருந்து பதில் வருகிறது: "போன வாரம் குடுத்ததெல்லாம் என்ன ஆச்சாம் உங்கம்மாவுக்கு?"

ஹாலிலிருந்து அடுப்படிக்குப் பத்தடி. அந்தப் பத்தடிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்பா சொன்னதை மகள் அப்படியே சொல்வதில்லை. "போன வாரம் குடுத்த பணம் மீதி இருக்கான்னு அப்பா கேட்டாரும்மா" என்கிறாள். குத்தல் முழுக்க வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்தச் சொல்லைக் கொண்டுபோனால் அம்மா அழுவாள், எதைச் சொன்னால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார் என்று அவளே கணக்குப் போட்டுக் கற்றுக்கொண்டாள். வீட்டுப்பாட நோட்டு மேஜையில் திறந்தே கிடக்கிறது. பக்கத்து வீட்டார் "எவ்வளவு பொறுப்பான பொண்ணு" என்று மெச்சுகிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டைக் கேட்டாலே பதைக்கிறது.

அர்ஜென்டினாவில் பிறந்த மனநல மருத்துவர் சால்வடார் மினூச்சின், பெற்றோர் பிணக்கின் நடுவே பிள்ளை இப்படி இழுபடுவதைப் பற்றி நிறைய எழுதியவர். 1970-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் அவரும் சகாக்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். சர்க்கரை நோய் உள்ள சில குழந்தைகள், இன்சுலின் ஒழுங்காகக் கிடைத்தும் அடிக்கடி மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. அவர்களுடைய பெற்றோரை ஓர் அறையில் வாக்குவாதம் செய்ய வைத்து, ஒருபக்கக் கண்ணாடி வழியே பிள்ளையைப் பார்க்க வைத்தார்கள். பிறகு பிள்ளையையும் உள்ளே அழைத்தார்கள். மன அழுத்தத்தில் ரத்தத்தில் கூடும் ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை இடையிடையே அளந்தார்கள். பிள்ளை உள்ளே வந்து பேச்சில் இழுக்கப்பட்டதும் பெற்றோரின் அளவு இறங்கியது, பிள்ளையின் அளவு ஏறியது. ஆய்வுக்கு எடுத்த குடும்பங்கள் மிகக் குறைவு என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் இறக்கிவைத்த சுமையைச் சின்னது தூக்கிக்கொண்டது என்பதை நம் வீடுகளைப் பார்த்தவர்கள் நம்ப மறுக்க மாட்டார்கள்.

"நாங்க பிள்ளைங்க முன்னாடி சண்டையே போடுறதில்லைங்க, பேசாம இருந்துடுவோம்" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர் உண்டு. பேசாமல் இருப்பதும் பிள்ளைக்குச் சண்டைதான். பெற்றோர் பிணக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ், பெரியவர்கள் வாய் திறக்காமல் காட்டும் கோபமும் குழந்தைகளைக் கலங்க வைக்கிறது என்று கண்டார். அவரே கண்ட இன்னொன்று ஆறுதலானது. பிணக்கு தீர்ந்தது என்று தெரிந்தால் பிள்ளையின் கலக்கம் வெகுவாகக் குறைகிறது. கண்ணெதிரே தீர வேண்டும் என்பதுகூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசித் தீர்த்துவிட்டு வந்து, தீர்ந்தது என்று சொன்னாலே போதும்.

நம் வீடுகளில் விட்டுப்போவது இந்தச் சொல்தான். ஐந்தாம் நாள் அம்மா காபி டம்ளரை அப்பா பக்கத்தில் வைப்பாள், அவர் "சர்க்கரை கம்மியா இருக்கே" என்பார், சமாதானம் ஆகிவிடும். அவர்களுக்குப் புரிந்தது. பிள்ளைக்கு யார் சொல்வது? "அப்பாவுக்கும் எனக்கும் பண விஷயத்துல மனஸ்தாபம். இப்போ பேசிட்டோம். உன்னால வந்தது இல்லடா" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். சண்டைக்குத் தான்தான் காரணம் என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைகள் பலர்.

கோபம் ஆறவில்லையா? இருக்கட்டும். சிலிண்டருக்கு ஆறியிருக்கத் தேவையில்லை. "சிலிண்டர் வந்திருக்கு, பணம் வேணும்" என்று நீங்களே ஹாலுக்குப் போய்ச் சொல்லுங்கள், முகம் இறுகியிருந்தாலும் பரவாயில்லை. நேரில் முடியவில்லை என்றால் உங்கள் போனிலிருந்து நீங்களே செய்தி அனுப்புங்கள். பிள்ளையின் போனை வாங்கி அனுப்பாதீர்கள்.

கை ஓங்கும் வீடுகளுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே நேரில் போய்ப் பேசச் சொல்வது ஆபத்து. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன, தயங்காமல் அழையுங்கள்.

தூது போய்ப் பழகிய பிள்ளை உடனே நிறுத்திவிடாது. "அம்மா, அப்பாகிட்ட நான் வேணா கேட்கவா?" என்று கொஞ்ச காலம் வந்து நிற்கும். "நானே கேட்டுக்கிறேன், நீ போய் விளையாடு" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தத் தூது வேலையைப் பேரன் பேத்திகளிடம் தாத்தா பாட்டி கொடுக்கும் கூட்டுக் குடும்பங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)